ரசீது கொடுக்காமல் அனுப்பிய மனு

போனை எடுக்க மாட்டேங்கிற. சரி, எடுக்காத. வாட்ஸப்புல போட்டா ரெண்டு டிக் விழுது, நீலமாக மாட்டேங்குது. நாவலூருக்கே கெளம்பி வந்து உன் ரூம் கதவைத் தட்டலாம்னு பார்த்தேன். முப்பத்தஞ்சு வருஷம் போலீஸ்காரியா ஊரான் வூட்டுக் கதவை எல்லாம் தட்டிட்டேன், பெத்த புள்ள கதவையும் அப்படியே தட்டணுமான்னு இருந்துச்சு, விட்டுட்டேன். அதனாலதான் இப்படி நாலு பேர் படிக்கிற எடத்துல எழுதுறேன். உன்கூடப் படம் எடுத்த புள்ளைங்கள்ல எதாவது ஒண்ணு இதைப் படிச்சிட்டு, "மச்சான், இது உங்கம்மா பேசுற மாதிரியே கீதுடா"ன்னு உனக்கு அனுப்பாமயா போயிடும்? உன் பேரையும் போடல, என் பேரையும் போடல, எந்த ஸ்டேஷன்னும் சொல்லப் போறதில்ல. செங்கல்பட்டுப் பக்கம்ங்கிறதோட நிறுத்திக்கிறேன். நான் எழுதினா ஸ்டேஷன் பாஷையும் வூட்டுப் பாஷையும் கலந்துதான் வரும், அதை வச்சு கிண்டல் பண்ணாத. விஷயம் இதுதான்: ஒண்ணாம் தேதி நீ புனேவுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு மனுல கையெழுத்துப் போடணும். அதை உன்கிட்ட கேக்குறதுக்கு எனக்கு இன்னா யோக்கியதை இருக்குன்னு நீ நெனைப்ப. யோக்கியதை இல்லாததாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

மொதல்ல உன் படத்தைப் பத்திப் பேசிடறேன், ஏன்னா அன்னிக்கி பேச நீ விடல. இருபது நிமிஷப் படம். அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு வச்சிருக்க, எனக்கு வாயில நுழையல. "அம்மா, நாவலூர்ல ஒரு ஆபீஸ் மாடியில போடுறோம், நீ வந்தே ஆவணும்"னு ஒரு வாரம் நச்சரிச்ச. நானும் பட்டுப் புடவை கட்டிக்கினு, மல்லிப்பூ வச்சிக்கினு, பெரிய சினிமா மாதிரி கெளம்பி வந்தேன். அங்க பார்த்தா நாப்பது பிளாஸ்டிக் சேரு, ஒரு வெள்ளைத் துணி, உன் வயசுப் புள்ளைங்க. எனக்கு மட்டும் முன்னாடி மெத்தை வச்ச சேர் போட்டிருந்த. இன்னா மரியாதைடான்னு சந்தோஷப்பட்டேன். எல்லாரும் என் முதுகைப் பார்க்கட்டும்னுதான் போட்டன்னு இப்போ தோணுது. அப்படி இல்லன்னா இல்லன்னு சொல்லு.

படத்துல ஒரு ஆளு. கிளினிக்ல ரத்தம் எடுக்கிற வேலை. மாமல்லபுரத்துக்குத் தெக்க, சவுக்குத் தோப்புல, அவனுக்குப் புடிச்ச இன்னொரு ஆளோட உக்காந்து பேசிக்கினு இருக்கான். ரெண்டு தடியனுங்க வர்றானுங்க, "நாங்க போலீஸ்"ங்கிறானுங்க, போனைப் புடுங்குறானுங்க, வூட்டு நம்பரை எழுதிக்கிறானுங்க. அப்புறம் மாசா மாசம் வந்து நிக்கிறானுங்க. அந்தக் காலத்துல 377ன்னு ஒரு பிரிவு இருந்துச்சு. ஆம்பளையும் ஆம்பளையும் இருந்தா குத்தம், ஜெயில். அந்தப் பிரிவு இருக்கிற தைரியத்துலதான் அந்தத் தடியனுங்க சம்பாதிச்சானுங்க, அதைப் படத்துல நல்லாத்தான் காட்டியிருக்க. ஆனா போலீஸ் ஸ்டேஷன் சீனுக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஸ்டேஷன்ல கேஸ் எழுதுற எந்த ரைட்டர்டா உள்ள உக்காந்திருக்கும்போது தொப்பி போட்டுக்கினு இருப்பா? டேபிள் மேல ஃபைலு இவ்ளோ சுத்தமா அடுக்கி இருந்தா அது ஸ்டேஷனா, பேங்கா? அந்தப் பொண்ணு லிப்ஸ்டிக் வேற போட்டிருக்கு. நான் இதையெல்லாம் மனசுக்குள்ள நக்கல் அடிச்சிக்கினு ஜாலியா உக்காந்திருந்தேன். அந்த ஆளு மனுவை நீட்டுறான். ரைட்டரம்மா படிக்கிறா. நிமிந்து பார்க்கிறா. சொல்றா: "எழுதிக்கினு வந்துட்டியே தம்பி, இதுல மொத அக்யூஸ்டு நீதான், தெரியுமா? மனுவை மடிச்சு பாக்கெட்ல வச்சிக்கினு போய் பொழப்பப் பாரு."

என் பின்னாடி ஒரு பொண்ணு "ச்சே, இவள்லாம் ஒரு பொம்பளையா"ன்னுச்சு. நாலஞ்சு பேர் உச்சுக் கொட்டினாங்க. எனக்குக் காது அடைச்சிப் போச்சு. ஏன்னா அது நீ எழுதின வசனம் இல்ல. அது என் வாயால வந்தது, ஒரு எழுத்து மாறல. "பொழப்பப் பாரு"ன்னு சொல்லிட்டு அந்தப் பொண்ணு பேனா மூடியை மூடுது பாரு, அது கூட நான் பண்ணினதுதான். படம் முடிஞ்சி எல்லாரும் கை தட்டுறாங்க. கண்ணாடி போட்ட பையன் ஒருத்தன் எழுந்து, "அந்த ஸ்டேஷன் வசனம் எங்க புடிச்சீங்க, ரொம்ப நெஜமா இருந்துச்சு"ன்னு கேட்டான். நீ மைக்கைப் புடிச்சிக்கினு, "ஒரு வூட்ல சாப்பிடும்போது கேட்டது"ன்ன. சொல்லிட்டு என்னைப் பார்த்த. நான் மல்லிப்பூவைச் சரி பண்ற மாதிரி கையைத் தலைக்குக் கொண்டு போனேன். வேற இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல.

அந்த ஆளு நெஜத்துல எப்படி இருந்தான்னு உனக்குத் தெரியாது, நான் சொல்றேன். உன் படத்துல வர்றவன் அழகா, தாடி வச்சிக்கினு இருக்கான். இவன் ஒல்லி, நெத்தியில விபூதி, கையில சாப்பாட்டுப் பை. அப்போ நான் ஸ்டேஷன் ரைட்டர். இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிட்டாரு, மனு வாங்குறது நான்தான். அவன் மனுவை பிளாஸ்டிக் கவர்ல போட்டு, நாலா மடிக்காம, அவ்ளோ பதவிசா கொண்டாந்தான். கையெழுத்து முத்து முத்தா. இன்னார் இன்னார் வர்றாங்க, மிரட்டுறாங்க, சம்பளத்தைப் புடுங்கிக்கினு போறாங்கன்னு எல்லாம் எழுதியிருக்கான். எதை வச்சு மிரட்டுறாங்கன்னு மட்டும் எழுதல. எனக்கு அது போதாதா? "சும்மா கேட்டா குடுப்பியா நீ? எதுக்குக் குடுத்த?"ன்னு கேட்டேன். பெஞ்சுல ஆடு காணாமப் போன கேஸு ஒண்ணு, புருஷன் பொண்டாட்டி சண்டை ஒண்ணு உக்காந்திருக்கு. அவங்க முன்னாடியே கேட்டேன். அவன் கிட்ட வந்து மெதுவா சொன்னான். நான் "சத்தமா சொல்லு"ன்னேன். எனக்குக் கேட்டுச்சுடா. கேட்டுட்டுத்தான் அப்படிச் சொன்னேன்.

அப்புறம்தான் அந்த வசனம். மனுவைத் திருப்பி வாங்கி, அதே கவர்ல போட்டு, "தேங்க்ஸ் மேடம்"னு சொல்லிட்டுப் போனான். தேங்க்ஸாம். மனுன்னு ஒண்ணு வந்தா வாங்கி, நம்பர் போட்டு, ரசீது குடுக்கணும், அதுதான் என் வேலை. குடுக்கல. அவன் நல்லதுக்குத்தான் பண்றோம்னு நெனைச்சேன், நெஜமாவே. எழுதினா உள்ள போறது அவன்தானே, காப்பாத்தி அனுப்பினோம்னு பெருமை வேற. மிரட்டினவனுங்களைக் கூப்பிட்டு நாலு அறை விட்டிருக்கலாம். மப்டியில ஒரு கான்ஸ்டபிளை அனுப்பியிருக்கலாம். ஆயிரம் வழி இருந்துச்சு. எதுவும் எனக்குத் தோணல, ஏன்னா அவனைப் பார்த்து எனக்கு அருவருப்பா இருந்துச்சு. இதை நான் இன்னிக்கித்தான் எழுதுறேன், இதுக்கு முன்னாடி எனக்கே சொல்லிக்கினது கெடையாது.

அன்னிக்கி சாயங்காலம் வூட்ல நம்ம வழக்கம் உனக்குத் தெரியும். டிவி கெடையாது, நான்தான் டிவி. தட்டு போட்டு உக்காந்தா அன்னிக்கி வந்த மனு எல்லாம் கதையா வரும். உங்கப்பா செய்யூர்ல சவுக்கு லோடு ஏத்தி லாரி ஓட்டிட்டு உடம்பு வலியோட வருவாரு, என் கதையைக் கேட்டு சிரிச்சாத்தான் அவருக்குச் சோறு எறங்கும். ஆடு காணாமப் போன கதை சொன்னேன். அப்புறம் இவன் கதை. அவன் நின்ன மாதிரி நின்னு காட்டினேன், "மேடம், கொஞ்சம் தனியா"ன்னு அவன் கொரல்ல பேசிக் காட்டினேன். உங்கப்பா பொரை ஏறுற அளவுக்குச் சிரிச்சாரு. நீ பதினொண்ணாவது படிச்சிக்கினு இருந்த. தயிர் சோத்தைப் பாதியில வச்சிட்டு எழுந்துட்ட. "போதும்மா"ன்ன. நான் சோத்தை வேஸ்ட் பண்றியேன்னு திட்டினேன், தட்டைக் கழுவிட்டுப் போடான்னு கத்தினேன். பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. நீ தட்டைக் கழுவிட்டுப் போனது அப்படியே கண்ணு முன்னாடி நிக்குது. ஆனா அப்போ உன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியல. நான் பார்க்கல.

இப்ப ரம்மி கதைக்கு வர்றேன், ஏன்னா அதை நெனைச்சாத்தான் எனக்குப் பத்திக்கினு வருது. போன வருஷம், உங்கப்பா ஞாபகமா நீ போட்டிருந்த சங்கிலி உன் கழுத்துல இல்ல. பைக்கு இல்ல, கேட்டா சர்வீசுக்கு விட்டிருக்கேன்ன, ரெண்டு மாசமாவா சர்வீஸ் பண்ணுவான்? நல்ல ரூமை விட்டுட்டு ஆறு பேரோட ஒரு ரூம்ல தங்கிக்கினு இருக்க. போன் அடிச்சா திடுக்குனு பார்க்கிற. ரிட்டயர் ஆனாலும் போலீஸ் மூளை சும்மா இருக்குமா? ஆன்லைன் ரம்மின்னு முடிவு பண்ணிட்டேன். உன் பையைச் சோதனை போட்டேன், தப்புதான். உக்கார வச்சு, "உண்மையைச் சொல்லு, ரம்மியா?"ன்னு கேட்டேன். நீ ஒரு நிமிஷம் என்னைப் பார்த்த. அப்புறம், "ஆமாம்மா, ரம்மி"ன்னுட்ட. எவ்ளோ ஈசியா ஒத்துக்கினான் பாரு, நம்ம விசாரணை அப்படின்னு உள்ளுக்குள்ள எனக்குத் திமிரு. செய்யூர் பக்கத்துல குடியை விடறதுக்குக் கயிறு கட்டுற கோயிலுக்கு இழுத்துக்கினு போனேன். பூசாரி "குடிக்கா?"ன்னாரு. "இல்ல சாமி, ரம்மிக்கு"ன்னேன். "இப்பல்லாம் அதுக்குத்தான் நெறைய பேர் வர்றாங்க, கட்டலாம், கட்டலாம்"னு உன் கையில மஞ்சக் கயிறைக் கட்டிட்டாரு. இனி தொட மாட்டேன்னு சூடத்துல கையை வச்சு சத்தியம் பண்ண. கொஞ்சம் கூடக் கை நடுங்கல. எப்படி நடுங்கும்? நீ தொட்டாத்தானே விடறதுக்கு!

எனக்கு இது ஆறவே மாட்டேங்குதுடா. சூதாடினவன்னு ஒத்துக்கினு, கயிறு கட்டிக்கினு, உங்கத்தை முன்னாடி தலையைக் குனிஞ்சிக்கினு, "ரம்மி ஆடின பையன்"னு வேடந்தாங்கல் வரைக்கும் பேரு வாங்கிக்கினு நடந்திருக்க. அது எல்லாம் உனக்கு லேசா இருந்துச்சு, அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்றதுதான் பாரமா இருந்துச்சு. உன் மேல கோவப்படுறதா, என் மேல கோவப்படுறதான்னு தெரியாம பாத்திரத்தை எல்லாம் போட்டு உருட்டிக்கினு இருக்கேன். கீழ் வூட்டுக்காரி வந்து, "அக்கா, உடம்பு சரியில்லையா"ன்னு கேட்டுட்டுப் போறா.

படம் முடிஞ்சி கீழ வண்டி நிறுத்துற எடத்துல, லிஃப்டுக்கிட்ட, நீ சொன்னது ரெண்டே வார்த்தை. "ரம்மி இல்லம்மா." எனக்கு அப்பவே எல்லாம் வெளங்கிடுச்சு. வெளங்கின ஒரு தாய் இன்னா பண்ணணும்? புள்ளையைக் கட்டிப் புடிக்கணும். நான் இன்னா பண்ணேன்? விசாரணை. எந்த எடம், எத்தினி பேரு, எத்தினி மணி, எவ்ளோ குடுத்த, எந்த நம்பர்லேர்ந்து பேசுறான். நீயும் பதில் சொன்ன, பாவம், அக்யூஸ்டு மாதிரி கையைக் கட்டிக்கினு. ஏதோ ஆப்புல பழக்கமான ஒருத்தன் கூப்பிட்டான், மாமல்லபுரத்தாண்ட போன, அவன்கூட இன்னும் ரெண்டு பேர் வந்துட்டானுங்க, வீடியோ எடுத்துட்டானுங்க. உன் போன்ல என் போட்டோ யூனிஃபார்ம்ல இருக்கிறதைப் பார்த்துட்டு, "போலீஸ்காரி புள்ளையா நீ? அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு"ன்னு சிரிச்சானுங்கன்ன. அதுலேர்ந்து ஒரே மிரட்டல்தான்: உங்கம்மாவுக்கு அனுப்பிடுவேன். சட்டத்தைச் சொல்லி மிரட்டல, ஆபீசைச் சொல்லி மிரட்டல, என்னைச் சொல்லி மிரட்டியிருக்கானுங்க. இவ்ளோத்தையும் கேட்டுட்டு நான் கடைசியா கேட்டேன் பாரு ஒரு கேள்வி, "ஏண்டா அந்த மாதிரி எடத்துக்கெல்லாம் போன?" உன் மூஞ்சி மாறிடுச்சு. ஹெல்மெட்டை மாட்டிக்கினு, கூட்டாளி வண்டியில ஏறிப் போயிட்ட. நான் பட்டுப் புடவையோட ஷேர் ஆட்டோவுல வூட்டுக்கு வந்தேன்.

அதுக்கப்புறம் மூணு வாரத்துல உன்கிட்டேர்ந்து வந்தது ஒரே மெசேஜ். புனே டிரான்ஸ்பர் ஓகே ஆயிடுச்சு, ஒண்ணாம் தேதி கெளம்புறேன். அவ்ளோதான், சாப்டியான்னு கூட இல்ல. புனே எங்கடா இருக்கு? அங்க செல்போன் டவர் இல்லையா? உன்னை மிரட்டுறவன் பஸ் ஏறியா வர்றான், தூரம் போனா தப்பிக்கிறதுக்கு? நம்பரை மாத்துவ, அவன் உன் ஆபீஸ் பேரை வச்சுத் தேடிப் புடிப்பான். நீ போனதும் அவனுக்கு வருமானம் நின்னு போச்சேன்னு இன்னொரு பையனைப் புடிப்பான், அவனுக்கும் ஒரு அம்மா இருப்பா. நீ ஒருத்தன்தான் மாட்டியிருக்கன்னு நெனைச்சிக்காத, அவனுங்க பேசின பேச்சைப் பார்த்தா இது தொழில். ஒண்ணு மட்டும் சொல்றேன், கேளு: எந்தச் சாட்டையும் அழிக்காத, நம்பரை பிளாக் பண்ணாத, இனிமே ஒரு பைசா அனுப்பாத. கொஞ்சம் குடுத்தா வாயை மூடுவான்னு நெனைச்சுத்தான் எல்லாரும் குடுக்கிறாங்க, எவனும் மூடினதை நான் சர்வீஸ்ல பார்த்ததில்ல.

சட்டத்தைப் பத்தி நீ எனக்குப் பாடம் எடுக்க வேணாம்னு படம் பார்க்கிறதுக்கு முன்னாடி சொல்லியிருப்பேன். இப்போ சொல்ல மாட்டேன். சுப்ரீம் கோர்ட்டு அந்தப் பிரிவுலேர்ந்து உங்களை எடுத்து எத்தினியோ வருஷமாச்சு. தீர்ப்பு வந்த அன்னிக்கி ஸ்டேஷன் டிவியில பார்த்துட்டு, "கலிகாலம்"னு சொன்னவ நான். வூட்டுக்கு வந்தும் சொன்னேன், நீயும் இருந்த, காலேஜ் லீவு. கோர்ட்டு எடுத்துட்ட சட்டத்தை நான் வூட்டுக்குள்ள வச்சிக்கினு இருந்திருக்கேன், மிரட்டுறவனுக்கு அது வசதியாப் போச்சு. இப்பவும் எனக்கு எல்லாம் புரிஞ்சிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். சாமி ரூம்ல உக்காந்து அழுதேன். கல்யாணமாகி ஏழு வருஷம் கழிச்சுப் பொறந்தவன், உன் கல்யாணத்துக்குன்னு நான் மனசுல வச்சிருந்தது எல்லாம் கரையறதுக்கு நாளாகும், அதுக்கு என்னைத் திட்டாத. ஆனா ஜாதகம் கொண்டாந்த தரகர்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன். "இன்னா காரணம்மா?"ன்னாரு. பையனுக்கு இஷ்டமில்லன்னேன். "ரம்மிப் பழக்கம் விடலியா?"ன்னாரு. வெளிய போயான்னு சொல்லிட்டேன். எனக்குப் புரியறது பத்து வருஷம் ஆவட்டும், உன் பக்கத்துல வந்து நிக்கிறதுக்கு அது வரைக்கும் காத்துக்கினு இருக்க முடியாது.

போன செவ்வாக்கிழமை நான் ஒரு ஸ்டேஷனுக்குப் போனேன். நான் வேலை பார்த்த ஸ்டேஷன் இல்ல, அங்க இருக்கிறவங்களுக்கு என்னைத் தெரியாது. மனு குடுக்க வர்றவங்க பெஞ்சுல நான் உக்காந்தது இதுதான் மொத தடவ. இவ்ளோ தாழ்வா இருக்கும்னு எனக்குத் தெரியாது, டேபிளாண்ட உக்காந்திருக்கிறவங்களை அண்ணாந்து பார்க்கணும். ரைட்டரா ஒரு சின்னப் பொண்ணு. "சொல்லுங்கம்மா"ன்னுச்சு. வீடியோ எடுத்து வச்சிக்கினு ஒரு பையனை மிரட்டுறாங்க, இன்னா பண்ணணும்னு கேட்டேன். "யாரும்மா பையன், உங்களுக்கு இன்னா வேணும்?" முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ், எத்தினி ரவுடிங்களைப் பேரு சொல்லிக் கூப்பிட்டிருப்பேன். "தெரிஞ்ச பையன்"னேன். வாய் அப்படித்தான் வந்துச்சு. "எதை வச்சும்மா மிரட்டுறாங்க?" பக்கத்துல ஒரு கெழவர் சைக்கிள் தொலைஞ்சு போச்சுன்னு உக்காந்திருக்காரு, என்னையே பார்க்கிறாரு. கேட்டுட்டு வந்து சொல்றேன்னு எழுந்து வந்துட்டேன். வெளிய வந்து வேப்பமரத்தாண்ட நின்னுக்கினு இருந்தேன். அந்த கிளினிக் ஆளு பேரு இன்னான்னு யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். மனுல மொத வரியில முத்து முத்தா எழுதியிருந்தான். ஆட்டைத் தொலைச்சவன் பேரு கூட ஞாபகம் இருக்கு, இவன் பேரு வரல. அவன் இன்னா ஆனான்னும் எனக்குத் தெரியாது. தேடிப் போய் மன்னிப்புக் கேக்கலாம்னா கூட எதை வச்சுத் தேடறது? மனுவை வாங்கியிருந்தா ரிஜிஸ்டர்ல பேரு இருந்திருக்கும், வாங்கலையே.

வியாழக்கிழமை காலையில வெங்காயம் அரிஞ்சிக்கினு இருக்கேன், என் போனுக்குத் தெரியாத நம்பர்லேர்ந்து மெசேஜ். "மேடம், உங்க பையனைப் பத்தி ஒரு வீடியோ இருக்குது. பேசணும்னா கூப்பிடுங்க." நீ குடுக்கிறதை நிறுத்திட்ட போலக் கீது. நல்ல காரியம், ஆனா அதையும் சொல்லல நீ. கீழயே வீடியோவும் அனுப்பியிருக்கான், மூடின மாதிரி மங்கலா தெரியுது. தம்பி, நான் அதைத் தொறக்கல. தொறக்கவும் மாட்டேன், இது சூடத்துல அடிக்க வேண்டிய சத்தியம் இல்ல, என் வார்த்தை. வெங்காயக் கையோடவே பதில் அடிச்சேன். "அவன் என் பையன். எல்லாம் எனக்குத் தெரியும். வேற இன்னா வச்சிருக்க?" டிக் நீலமாச்சு. அஞ்சு நிமிஷம் பார்த்தேன், பத்து நிமிஷம் பார்த்தேன். ஒண்ணும் வரல. அவ்ளோதாண்டா. நீ ரெண்டு வருஷம் சங்கிலியை வித்து, பைக்கை வித்து, தூக்கத்தை வித்துக் காப்பாத்தினது எனக்குத் தெரியாம இருக்கணும்ங்கிற ஒண்ணைத்தான். அதை நான் ஒரே வரியில முடிச்சேன். அந்த ஒரு வரியை ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீ நம்புற மாதிரி நான் இருந்திருக்கணும்.

மெசேஜை அப்படியே வச்சிருக்கேன், ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்தாச்சு, நம்பரும் இருக்கு. நேத்து அதே ஸ்டேஷனுக்கு மறுபடி போனேன். அதே பொண்ணு. "கேட்டுட்டு வந்தீங்களாம்மா?"ன்னுச்சு. "என் பையன்தான். அவனுக்கு ஆம்பளைங்களைத்தான் புடிக்கும். அதை வச்சு மிரட்டுறாங்க"ன்னேன். நான் சத்தமாவே பேசிப் பழகினவ, பெஞ்சு பூரா திரும்பிப் பார்த்துச்சு. அந்தப் பொண்ணு பேனாவை எடுத்துக்கினு, "அதுல தப்பு ஒண்ணுமில்லம்மா, மிரட்டினவன்தான் அக்யூஸ்டு. பையனை வரச் சொல்லுங்க, பேரு வெளிய வராம பார்த்துக்கலாம்"னுச்சு. வயசு உன் வயசுதான் இருக்கும். எனக்கு அங்கயே உக்காந்து அழணும் போல இருந்துச்சு, போலீஸ்காரி அழுதா நல்லா இருக்காதேன்னு வந்துட்டேன்.

மனு எழுதி வச்சிருக்கேன். இன்னா நடந்துச்சு, எதை வச்சு மிரட்டுறாங்க, எல்லாம் மொத பாராவுலயே இருக்கு. உன் பேரும் கையெழுத்தும் மட்டும்தான் பாக்கி. உன்னைக் கேக்காம நான் குடுக்க மாட்டேன், இந்த ஒரு விஷயத்துல நான் அதிகாரம் பண்ண மாட்டேன். திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுல, டீக்கடையாண்ட நிப்பேன். அங்கேர்ந்து சேர்ந்து போவோம். வேணாம்மா, எனக்கு தைரியம் இல்லன்னு சொன்னின்னா மனுவை உன் கையில குடுத்துடுவேன், கிழிச்சுப் போட்டுட்டு புனேவுக்குப் போ, வாயைத் தொறக்க மாட்டேன். போனதும் சாப்டியான்னு மட்டும் கேப்பேன். ஆனா கிழிக்கிறதுக்காவது நேர்ல வா. எனக்கு அந்த மனு பெரிசில்ல, உன் மூஞ்சியைப் பார்த்து மூணு வாரம் ஆச்சுடா.